குவார்ட்டர்ஸ் நம்பர் வைக்கக் கூடாது

மந்தாரக்குப்பத்திலிருந்து டவுன்ஷிப் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்களாம், பல வருடம் கழித்து இன்றுதான் பார்த்துக்கொள்கிறார்கள். அவளுக்குச் சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. “நம்ம டவுன்ஷிப் ஸ்டாஃப் ஒவ்வொருத்தருக்கும் ஒரு பேஜ் பண்றோம். அதோட வெப் அட்ரஸ்ல அவங்க குவார்ட்டர்ஸ் நம்பரை வச்சுட்டேன், டீம் லீடர் கத்திட்டாரு” என்று அவள் சொன்னதும் என் காது தானாக முன்னால் போய்விட்டது.

“நம்மூர்ல ஆளையே ‘பதினெட்டாம் பிளாக் சார்’னுதான சொல்வோம்?” என்றான் அவன்.

“அந்தப் பழக்கந்தான். ஆளு ரிட்டயர் ஆயி வீட்டைக் காலி பண்ணா அட்ரஸ் செத்துடும்ல? அட்ரஸ்ங்கறது அந்த ஆளுக்கே பேரு மாதிரி இருக்கணும். எத்தனை வருசம் கழிச்சுத் தட்டினாலும் அவருதான் வரணும். இப்ப எந்த வீட்ல இருக்காருன்னு உள்ள ஒரு லிங்க் குடுத்தா போதும்.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்:

“உங்கப்பா ரிட்டயர் ஆனப்ப உனக்கு லெட்டர் போட்டேன். குவார்ட்டர்ஸ் அட்ரஸுக்கு. திரும்பி வந்துடுச்சு.”

“என்ன எழுதியிருந்த?”

“சிரிக்காத. உன் புது அட்ரஸ் என்னன்னு கேட்டிருந்தேன்.”

அவள் சிரிக்கவில்லை.

“இப்ப கேளேன்” என்றாள்.