அளவுச் சீட்டு

அக்கா: கையை இறக்குடா. எத்தனை நேரம் அப்படியே தூக்கிக்கிட்டு நிப்ப?

தம்பி: நீதானே தூக்கச் சொன்ன?

அக்கா: அது மார்புக்கு. இப்போ இடுப்பு. திரும்பு... டேய், மூச்சை உள்ள இழுக்காத.

தம்பி: இழுக்கல. நான் இருக்கறதே இப்படித்தான்.

அக்கா: போன வருஷமும் இதையேதான் சொன்ன. கிறிஸ்மஸ் அன்னிக்கு எல்லாரும் படிக்கட்டுல வரிசையா நின்னு போட்டோ எடுக்கறோம், உன் பட்டன் தெறிச்சு உன் மச்சான் நெத்தியில விழுது. போட்டோவுல பாரு, மனுஷன் நெத்தியத் தேச்சுக்கிட்டு நிப்பாரு.

தம்பி: அது பட்டனோட தப்பு.

அக்கா: என் தையலைக் குறை சொன்ன, ஊசியாலயே குத்திடுவேன். விடு மூச்சை... ம், அப்படி வா வழிக்கு. முப்பத்தாறரை. இரு, நோட்டுல எழுதிக்கறேன்.

தம்பி: இந்த நோட்டை இன்னும் தூக்கிப் போடலையா நீ? அட்டையே கிழிஞ்சு தொங்குது.

அக்கா: எதுக்குப் போடணும்? பதினாலு வருஷக் கிறிஸ்மஸ் இதுக்குள்ள இருக்கு. மொத்தக் குடும்பத்துக்கும் ஒரே துணி, ஒரே தையக்காரி. நம்ம வீட்டு சேதி பூரா இதுல படிச்சுக்கலாம். இதோ பாரு, அண்ணன் மக இந்த வருஷம் ரெண்டு இஞ்ச் வளந்துட்டா. அம்மா முக்கா இஞ்ச் குறைஞ்சுட்டா.

தம்பி: ஐயோ, அம்மாகிட்ட சொல்லிடாத.

அக்கா: சொல்லிட்டேன். “உன் டேப்பு பழசு, இழுத்துப் போச்சு, வேற வாங்கு”ன்னுட்டா.

தம்பி: அம்மாவா கொக்கா!

அக்கா: சிரிக்காத. அண்ணனுக்கு வேலை போன சேதி எப்படித் தெரிஞ்சுது எனக்கு? வாயைத் திறந்து சொன்னாரா? இடுப்புல மூணு இஞ்ச் குறைஞ்சிருந்துச்சு. டேப்பை வச்சபடியே “என்னண்ணே ஆச்சு”ன்னு ஒரு வார்த்தைதான் கேட்டேன். பொலபொலன்னு கொட்டிட்டாரு.

தம்பி: நீ தையக்காரியா, போலீஸா?

அக்கா: ரெண்டும்தான். சரி, உன் பொண்டாட்டி எங்க? ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கன்னுதானே சொன்னேன்?

தம்பி: அவளுக்கு... கொஞ்சம் அசதி. வீட்டுல படுத்திருக்கா. அளவு நானே எடுத்துட்டு வந்துட்டேன். இந்தா, சீட்டு.

அக்கா: நீயா எடுத்த?

தம்பி: நானேதான்.

அக்கா: எந்த டேப்பால?

தம்பி: வீட்டுல இருக்கற டேப்பாலதான்.

அக்கா: லிப்ட் ரிப்பேருக்கு இடுப்புல மாட்டிக்கிட்டு போவியே, அந்த இரும்பு டேப்பா? இழுத்து விட்டா சர்ருன்னு உள்ள ஓடுமே, அதுவா?

தம்பி: அது... ம்.

அக்கா: அதை வச்சு பொண்டாட்டி இடுப்பைச் சுத்தி அளந்தியா? அட அறிவாளி! அவ சும்மா நின்னுக்கிட்டு இருந்தாளா?

தம்பி: மெதுவாத்தான் வளைச்சேன்... போன் அடிக்குது பாரு. எடு.

அக்கா: என் கையெல்லாம் சாக் மாவு. யாரு?

தம்பி: அம்மா. நீயே பேசேன்...

அக்கா: ஸ்பீக்கர்ல போடு.

தம்பி: அப்புறமா கூப்பிடலாம்ல?

அக்கா: போடுறா.

அம்மா: பெரியவளே, சின்னவன் வந்துட்டானா?

தம்பி: இருக்கேம்மா.

அம்மா: இருக்கியா? அவ எங்க, கூட்டிட்டு வரலையா?

தம்பி: வீட்டுல இருக்காம்மா. படுத்திருக்கா.

அம்மா: படுக்கட்டும், படுக்கட்டும். நாலு மாசம் ஆகப் போகுதுல்ல, இந்நேரம் வாந்தி நின்னிருக்குமே? கேக்கலாம்னு பாத்தா நாலு நாளா போனே எடுக்க மாட்டேங்கறா.

தம்பி: அது... அவ போன்ல சார்ஜ் நிக்கறதில்லம்மா.

அம்மா: வேற வாங்கிக் குடுடா, கஞ்சப்பயலே. மாசமா இருக்கறவ, ஒரு அவசரம்னா எப்படிக் கூப்பிடுவா? பெரியவளே, அவளுக்கு இடுப்புல தாராளமா விட்டுத் தை. பிடிக்கவே கூடாது.

அக்கா: ம்.

அம்மா: அப்புறம் ஒண்ணு. மிச்சத் துணி இருக்கும்ல? அதுல ஒரு குட்டிச் சட்டை தைச்சு வச்சிடு. உள்ளங்கை அளவுக்கு. அடுத்த கிறிஸ்மஸ் போட்டோவுல நம்மாளு ஒண்ணு கூடுதலா நிக்கும்ல... நிக்குமோ, மடியில உக்காருமோ!

அக்கா: துணி பத்தாதும்மா.

அம்மா: என்னடி, ஒரு சாண் துணி பத்தாதா?

அக்கா: பத்தாதும்மா. அளந்து பாத்துட்டேன்.

அம்மா: சரி, கொஞ்சம் ஒட்டுப் போட்டாவது பாரு. டேய் சின்னவனே, அவளை மாடிப்படி ஏற விடாத. கேட்டுச்சா?

தம்பி: கேட்டுச்சும்மா.

அம்மா: என்னடா குரலு உள்ள போகுது? சளியா?

தம்பி: ஆமாம்மா. சளிதான். வைக்கறேன்... என்னக்கா அப்படிப் பாக்கற?

அக்கா: ஒண்ணும் பாக்கல. உக்காரு. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கோ. டீ ஊத்தறேன், சளிக்கு நல்லது.

தம்பி: எதுக்கு மூணு டம்ளர்?

அக்கா: கைப்பழக்கம். உன் மச்சானுக்கும் சேத்து ஊத்திட்டேன்.

தம்பி: அவருதான் சரக்கு வண்டியோட போயிருக்காரே. சனிக்கிழமை வருவாருன்னு சொன்ன.

அக்கா: ஊத்தியாச்சு, விடேன். மூடி வச்சுட்டு அப்புறமா நானே குடிச்சுக்கறேன். நீ குடி. உன் சீட்டைப் பாப்போம்... தோளு பதினாலு. சரி. மார்பு முப்பத்தி நாலு.

தம்பி: ம்.

அக்கா: இடுப்பு முப்பத்தி மூணு.

தம்பி: ஆமா. கூடத்தானே செய்யும்?

அக்கா: போன வருஷம் மார்பு எவ்வளவுன்னு பாக்கறேன். முப்பத்தி நாலு. இப்பவும் முப்பத்தி நாலு. தோளு அதே. கை அதே. இடுப்பு மட்டும் இருபத்தொன்பதுலருந்து கரெக்டா நாலு இஞ்ச் கூடியிருக்கு. அரை இல்ல, கால் இல்ல. முழுசா நாலு.

தம்பி: வயித்துலதானே குழந்தை இருக்கும்? அங்கதானே கூடும்?

அக்கா: தம்பி, எத்தனை பொம்பளைங்க இந்த இடத்துல நின்னு அளவு குடுத்திருப்பாங்க? வயிறு தெரியறதுக்கு முன்னாடியே மார்பு கூடிடும். ரெண்டாவது மாசத்துலயே, போட்ட டாப்ஸ் பிடிக்குதுன்னு பிரிச்சு விட வருவாங்க.

தம்பி: ஆளுக்கு ஆள் மாறும்...

அக்கா: மாறும். ஆனா போன வருஷம் நான் தைச்ச டாப்ஸை மேஜையில விரிச்சு வச்சு, இரும்பு டேப்பால அளந்து, இடுப்புல மட்டும் நாலைக் கூட்டி எழுதினா, அது மாறாது. டீ ஆறுது.

தம்பி: அக்கா...

அக்கா: ம்.

தம்பி: அந்த மெஷினை ஓட்டேன். சும்மாவாவது ஓட்டு. நான் பேசறது கேக்காத மாதிரி.

அக்கா: சரி. ஓட்டறேன். சொல்லு.

தம்பி: குழந்தை இல்லக்கா. போயிடுச்சு. மூணு வாரம் ஆச்சு. சும்மா மாசாமாசம் பாக்கற ஸ்கேன்தான்னு போனோம். துடிப்பு இல்லன்னாங்க. அவ்வளவுதான். மறுநாளே எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

அக்கா: மூணு வாரமாடா? ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா?

தம்பி: போனைக் கையில எடுத்தேன். அதே நேரம் அம்மாவே கூப்பிட்டாங்க. குட்டித் தொப்பி ஒண்ணு பின்ன ஆரம்பிச்சிருக்கேன், வெள்ளையா மஞ்சளான்னு கேட்டாங்க.

அக்கா: நீ என்ன சொன்ன?

தம்பி: மஞ்சள்னு சொன்னேன்.

அக்கா: அட கடவுளே...

தம்பி: அப்புறம் எப்படி மாத்தறது? கிறிஸ்மஸ் வருது, எல்லாரும் ஒண்ணா இருக்கப் போறோம், இப்போ போய் எதுக்கு எல்லாரையும் அழ விடணும்னு நினைச்சேன். கிறிஸ்மஸ் முடிஞ்சதும் சொல்லிக்கலாம், அது வரைக்கும் பொறுத்துக்கோன்னு அவகிட்ட சொன்னேன்.

அக்கா: அவ பொறுத்துக்கிட்டாளா?

தம்பி: அம்மா தினமும் கூப்பிடுவாங்கல்ல. வாந்தி இருக்கா, என்ன சாப்பிட்ட, புளிப்பு கேக்குதான்னு. அவ எல்லாத்துக்கும் பதில் சொன்னா. “ஆமாத்தே, புளிப்பு கேக்குதத்தே”ன்னு. வச்சுட்டு பாத்ரூமுக்குள்ள போய் குழாயைத் திறந்து விட்டுடுவா.

அக்கா: நீ எங்க இருந்த?

தம்பி: கதவுக்கு வெளியத்தான் நின்னேன்.

அக்கா: நின்னு?

தம்பி: “ஒண்ணுமில்ல, சரியாயிடும்”னு சொன்னேன். எனக்கு வேற என்ன சொல்லத் தெரியும்? லிப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்ககிட்ட அதைத்தான் சொல்லுவோம். வெளிய நின்னு, “ஒண்ணுமில்லைங்க, பயப்படாதீங்க, ரெண்டே நிமிஷம்”னு. அரை மணி நேரம் ஆகும்னு தெரிஞ்சாலும் அதையேதான் சொல்லணும்.

அக்கா: லிப்டுல இருக்கறவன் வெளிய வந்ததும் வீட்டுக்குப் போயிடுவான்டா.

தம்பி: அவளும் போயிட்டாக்கா. ஞாயித்துக்கிழமை. “உங்களுக்கு ஒண்ணுமில்லையா? எனக்கு இருந்துச்சு”ன்னு சொன்னா. கத்தக்கூட இல்ல. அம்மா வீட்டுக்குப் போறேன்னு பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டா. போன் பண்ணா எடுக்கல. அவங்க அம்மாவுக்குக் கூப்பிட எனக்கு மூஞ்சி இல்ல.

அக்கா: அதனால அவ டாப்ஸை விரிச்சு வச்சு அளந்த.

தம்பி: அளக்கலைன்னா நீ கேப்ப. நீ கேட்டா அம்மா கேப்பாங்க. வயித்துல ஒரு துணியைச் சுருட்டி வச்சாவது போட்டோவுல நிக்க வச்சிடலாம்னு... அந்த அளவுக்குப் போயிட்டேன்கா. அந்தச் சீட்டை எழுதி முடிச்சுட்டுப் படிச்சேன். முப்பத்தி மூணுன்னு. என்னை நானே அறையணும்போல இருந்துச்சு.

அக்கா: அழுதியா?

தம்பி: இல்ல.

அக்கா: மூணு வாரத்துல ஒரு தடவை கூடவா?

தம்பி: நானும் உக்காந்து அழுதா அவளை யாருக்கா பாத்துக்கறது?

அக்கா: பைத்தியக்காரா. இங்க வா. வாடா இப்படி... ம். அழு. துணியில பட்டாப் பரவால்ல, அது சாயம் போகாத துணிதான்.

தம்பி: பேர்கூட யோசிச்சு வச்சிருந்தேன்கா. அவகிட்டகூட சொல்லல.

அக்கா: எங்கிட்ட சொல்லாத. அவகிட்ட சொல்லு. அவ அதைத்தான் கேக்கக் காத்திருப்பா.

தம்பி: ம்...

அக்கா: இன்னொண்ணு கேட்டுக்கோ. உனக்கும் எனக்கும் ஏன் ஏழு வருஷம் இடைவெளின்னு என்னிக்காவது யோசிச்சிருக்கியா?

தம்பி: ஏன்?

அக்கா: நடுவுல ஒண்ணு இருந்துச்சு. அம்மாவுக்கு. அஞ்சாவது மாசத்துல போயிடுச்சு. இன்னிக்கும் எங்கிட்ட சொல்லுவா, இருந்திருந்தா இந்நேரம் அதுக்கு இத்தனை வயசுன்னு. அப்பா அப்போ என்ன சொன்னாராம் தெரியுமா?

தம்பி: என்ன?

அக்கா: ஒண்ணுமில்ல, சரியாயிடும்னு. முப்பத்தெட்டு வருஷமா அதைச் சொல்லிச் சொல்லித் திட்டறா.

தம்பி: எனக்கு ஏன் யாருமே சொல்லல?

அக்கா: நீ ஏன் எங்களுக்குச் சொல்லல? அதே காரணம்தான். நம்ம வீட்டு ஆளுங்களுக்கு இதே வியாதி. அம்மா தாங்குவா. உன்னை விட நல்லாத் தாங்குவா. ஆனா நான் சொல்ல மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் சேந்து போய்ச் சொல்லணும்.

தம்பி: ரெண்டு பேருமா? அவதான் என் முகத்துலயே முழிக்க மாட்டேங்கறாளே. நான் எங்க போய் அவளைக் கூட்டிட்டு வர்றது?

அக்கா: முதல்ல இந்தச் சீட்டைக் கிழிச்சுப் போடு... நல்லாக் கிழி. ம். இப்போ நோட்டை எடு. கடைசிப் பக்கம். நேத்து எழுதினது.

தம்பி: நேத்தா? நேத்து யாரு அளவு குடுக்க... தோளு பதினாலு. மார்பு முப்பத்தி நாலு. இடுப்பு இருபத்தெட்டு... அக்கா. இது... அவ பேருக்கா இது!

அக்கா: போன வருஷத்தை விட ஒரு இஞ்ச் கம்மி, சரியாவே சாப்பிடறதில்ல. ஞாயித்துக்கிழமை பையோட வந்து வாசல்ல நின்னா, அன்னிக்கிலருந்து எங்க மாடியிலதான் இருக்கா. “அவரா வாயைத் திறந்து சொன்னா மட்டும் நான் இங்க இருக்கறதைச் சொல்லுங்க அண்ணி”ன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா. அந்த மூணாவது டம்ளரை எடுத்துட்டுப் போ, ஆறிடப் போகுது... அங்க போயும் கதவுக்கு வெளியவே நிக்காதடா.