பிரின்சிபல் வந்தவுடன்

வெக்ஸ்போர்ட் பக்கம் போகும் பஸ். தமிழ் ஒருவருக்கும் விளங்காது என்ற நம்பிக்கையில் முன்சீட்டு இருவரும் உரக்கவே பேசினார்கள். இளையவர் பள்ளிக்கூடமொன்றில் கிளீனிங் வேலை செய்தவர். கறுத்த ஆள் என்பதால் பிரின்சிபல் தன்னை வேலையால் நிறுத்திவிட்டார் என்று ஸ்கூல் போர்டுக்கு எதிராக வழக்குப் போட்டிருக்கிறார்.

“பிரின்சிபல் கோர்ட்டுக்குள்ள வந்தவுடன நான் எழும்பி நிண்டிட்டன், அண்ணை.”

“ஏன் காணும்?”

“பழக்கம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில பழகினது. என்ர லோயர் கையில பிடிச்சு இருத்தினவர். அங்காலப் பக்க லோயர் கேக்கிறார், இவ்வளவு மரியாதை வைச்சிருக்கிறீர், அப்ப அவர் உமக்கு என்ன அநியாயம் செய்தவர் எண்டு.”

“என்ன சொன்னனீர்?”

“சொல்லுறதுக்கிடையில கோர்ட் நேரம் முடிஞ்சுது. நாளைக்கும் அவர் வாறார்.”

“எழும்பாம இரும்.”

“கால் கேக்காது, அண்ணை. நாளைக்கு வெள்ளனப் போய், அவர் வர முதலே எழும்பி நிக்கப்போறன். அப்ப அவருக்காக எழும்பினதெண்டு ஒருத்தரும் சொல்லேலாதே.”

மூத்தவர் ஜன்னலில் படிந்திருந்த பனிப்புகாரைக் கையுறையால் துடைத்தார்.

“சரி, பிறகு எப்ப கதிரையில இருப்பீர்?”

“அவர் இருந்தாப் பிறகு.”