தொண்டைக்கு நல்லது

ஐயா, உங்கள் விசாரணை அறைக் கெட்டிலில் உப்புக்கறை அப்பிக் கிடக்கிறது. கொஞ்சம் வினிகர் ஊற்றிக் கொதிக்கவிடுங்கள், பளிச்சென்று ஆகிவிடும். வெங்காயம் ஊறவைக்கவும் கண்ணாடி துடைக்கவும்கூட அதுவே போதும். இத்தனைக்கும் அதில் அசிட்டிக் அமிலம் நூற்றில் ஐந்து பங்குதான், மிச்சம் தண்ணீர்.

நான் வேலை பார்க்கும் சாயப்பட்டறைக்கு வருவது தண்ணீர் கலக்காத சரக்கு. சாயம் ஏறிய துணியின் காரத்தை முறிக்க, அளவாகக் கலந்து ஊற்றுவோம். குளிர்நாளில் பனிக்கட்டிபோல உறைந்து அழகாக இருக்கும். தொட்டால் தோல் வெந்துவிடும்.

எனக்குப் பேச்சு திக்கும். அதனால்தான் இதை எழுதித் தருகிறேன். என் தங்கைக்கு அந்தக் குறை கிடையாது. வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்தினாள். அதில் ‘தந்தியக்கா’ என்று ஒரு பாத்திரம். நான் கடையில் ‘ச... ச... சர்க்கரை’ கேட்பதை அச்சு அசலாக நடிப்பாள். நல்ல கலைஞி. ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது. பட்டறை மேஸ்திரி என் பெயரையே மறந்துபோனார். எனக்குப் பேசிவைத்த மாப்பிள்ளையும் கடைசியாகப் போன் செய்தபோது அந்தக் குரலில்தான் வணக்கம் சொன்னார்.

நிறுத்திவிடு என்று தங்கையிடம் கேட்டேன். கேட்டு முடிக்கவே நேரம் பிடித்தது. அவள் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, "அக்கா, இதையே இன்னொரு தடவை சொல்லேன், ரெக்கார்ட் பண்ணிக்கறேன்" என்றாள்.

தொழில் பக்தி என்றால் அதுவல்லவா.

தினமும் கிளம்பும் முன் வெந்நீரில் வினிகர் கலந்து கொப்பளிப்பாள், தொண்டைக்கு நல்லதாம். அந்த வாரம் அவளுக்குக் கடும் சளி. மூக்கு அடைத்து எந்த வாசனையும் தெரியவில்லை. அதற்காகத்தான் நான் காத்திருந்தேன். பட்டறைச் சரக்கை டம்ளரில் ஊற்றி நானே கொண்டுபோய் நீட்டினேன். கை தவறியது என்று சொல்லலாம். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அவள் அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொண்டாள். ஆம்புலன்ஸை அழைத்ததும் நான்தான். முகவரி சொல்லி முடிக்கத்தான் சற்றுத் தாமதமாகிவிட்டது.

இனி பேச்சு வராது என்கிறார் டாக்டர். நீங்கள் என்னை அழைத்து வரும்வரை ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். பக்கத்தில் போனாலே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். வெளிச்சத்தில் கண் கூசுகிறது போலிருக்கிறது.

இவ்வளவு நடந்தும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, ஐயா. என்ன இருந்தாலும் கூடப்பிறந்தவள்.