நிதானமாக ஓட்டியவர்

இந்த நாற்காலியில் முதுகைச் சாய்க்க முடிகிறது. நல்லது. பதினோரு மாதம் நாங்கள் பேச்சுவார்த்தை நடத்திய அறையில் கம்பெனிக்காரர்களுக்கு மெத்தை நாற்காலி, எங்களுக்கு மடக்கு நாற்காலி. அதில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் எந்தக் கோரிக்கையிலிருந்தும் மனுஷன் இறங்கி வந்துவிடுவான். அதற்காகத்தான் போடுகிறார்கள் என்று முதலில் நினைத்தேன். போகப்போக அப்படி நினைப்பதற்கும் அலுப்பாகிவிட்டது.

வண்டிக் கொட்டகை மெக்கானிக்கைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவர் எங்கள் சங்க உறுப்பினர். உறுப்பினருக்கு ஓர் அநியாயம் நடந்தால் வந்து நிற்பது செயலாளரின் வேலை. அதனால்தான் வந்தேன். அந்த பிரேக்கை அவர் தொடவில்லை.

சங்கத்தில் நாங்கள் இருநூற்றுப் பத்துப் பேர், பெரும்பாலும் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள். பார்சலுக்கு இவ்வளவு என்று தரும் கூலியை உயர்த்தச் சொன்னோம். அரை மணி நேரக் கெடுவை எடுக்கச் சொன்னோம். ஒரு நிமிஷம் தாண்டினாலும் பாதிக் கூலிதான். வேலையில் இறந்தால் குடும்பத்துக்கு நஷ்டஈடு கேட்டோம். மேலாளர் மரியாதையான மனிதர். குரலை உயர்த்தியதே இல்லை. எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்பார். ஒன்பதாம் மாதம் நஷ்டஈட்டைப் பற்றிப் பேச்சு வந்தபோதுதான் முதல் தடவையாக வேறு பதில் சொன்னார்.

"உங்க ஆளுங்க விழறது அவங்க அவசரத்துல. சிக்னல் பாக்கறதில்ல, ஹெல்மெட் போடறதில்ல. ஒழுங்கா ஓட்டுற ஒருத்தர், ஒரே ஒருத்தர், எங்க கெடுவால போனார்னு காட்டுங்க. அந்த வாரமே கையெழுத்துப் போடறேன்."

அதை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். எதிரில் இருப்பவர் சொல்வதைக் கவனமாகக் கேட்க வேண்டும். பேச்சுவார்த்தையில் பாதி வேலை அதுதான்.

ஒழுங்காக ஓட்டுகிறவர் என்றால் எங்களில் ஒருவர்தான். என் மனைவியின் அண்ணன். 'நிதானம்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஈ, காக்கை இல்லாத ரோட்டிலும் கையைக் காட்டிவிட்டுத்தான் திரும்புவார். பார்சலுக்குள் முட்டை இருந்தால் அவர் போய்ச் சேருவதற்குள் குஞ்சு பொரித்துவிடும் என்று கொட்டகையில் கிண்டல் செய்வார்கள். பதினாறு வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. வேகமாக ஓட்டுகிறவன் விழுந்தால் அவன் தலையெழுத்து என்று கம்பெனி கைகழுவிவிடும். நிதானம் விழுந்தால் அப்படிச் சொல்ல நாக்கு வராது. எத்தனை முறை யோசித்தாலும் வேறு பெயர் கிடைக்கவில்லை. அவருடைய பெரிய பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது, சின்னவள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதையும் பார்த்தேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

செயலாளர் ஆவதற்கு முன்னால் நானும் மெக்கானிக்தான். அன்று வியாழக்கிழமை. காலையில் அவரே வண்டியைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மாப்ள, பிரேக் சரியாப் பிடிக்க மாட்டேங்குது. ஒரு பார்வை பாரேன்."

"மெக்கானிக் வந்துருவார் மச்சான்."

"அவர் வர்றதுக்குள்ள கெடு தாண்டிரும். நீ கை வச்சா எனக்குத் திருப்தி."

கை வைத்தேன். ஐந்து நிமிஷ வேலை. வண்டியை இங்கே கொண்டுவந்தால் எந்த இடம் என்று காட்டுகிறேன். கொஞ்ச தூரம் பிடிக்கும், பாலத்து இறக்கத்தில் பிடிக்காது. பார்சல் பையைப் பின்னால் கட்டுவதற்கும் நான்தான் ஒரு கை கொடுத்தேன். "வரட்டா" என்றார். "பாத்துப் போங்க" என்றேன். பழக்கத்தில் வந்த வார்த்தை.

இறக்கத்தின் அடியில் ஒரு லாரி நின்றிருந்தது. போன் வந்தபோது நான் பேச்சுவார்த்தை அறையில் இருந்தேன். விஷயத்தைக் கேட்டதும் மேலாளர் எழுந்து நின்றார். பதினோரு மாதத்தில் அவர் எனக்காக எழுந்தது அதுதான் முதல் தடவை.

எட்டாம் நாள் கையெழுத்தானது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். என் மனைவி வீங்கிய கண்ணோடு, "அண்ணன் போனது வீணாப் போகலைங்க. நீங்க விடல" என்றாள். அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது.

என்ன கிடைத்தது என்று கேட்கிறீர்கள். கூலி, விபத்துக்கு முன்பே அவர்கள் தருவதாகச் சொன்ன அதே உயர்வுதான். கெடு முப்பத்தைந்து நிமிஷம் ஆனது. நஷ்டஈடு உண்டு, ஆனால் கையெழுத்தான தேதியிலிருந்துதான். மச்சான் குடும்பத்துக்கு அது பொருந்தாது. அவர் மனைவியிடம் நானே போய் எடுத்துச் சொன்னேன். கஷ்டமாகத்தான் இருந்தது. எல்லாமே ஒரே ஒப்பந்தத்தில் கிடைத்துவிடாது.

நீங்கள் கேட்கும் அந்த இன்னொரு விஷயமும் உண்மைதான். விபத்துக்கு முந்தின நாள் மதியம் கொட்டகையில் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே மச்சான் என்னிடம் சொன்னார்.

"கோச்சுக்காத மாப்ள. எல்லாரும் ஓய்ஞ்சு போயிட்டாங்க. குடுக்கறத வாங்கிக்கலாம். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல நான் எந்திரிச்சுப் பேசப் போறேன். செயலாளர் வேலைய வேற ஒருத்தர் பாக்கட்டும்னும் சொல்லப் போறேன். வீடு வேற, சங்கம் வேற. உன்கிட்டச் சொல்லாமப் பேசக்கூடாதுன்னுதான்."

எனக்குக் கோபம் வரவில்லை. சரி மச்சான் என்றேன். முடிவு ஒன்பதாம் மாதமே எடுத்தது, நாள்தான் மறுநாளாக அமைந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதைத் தனி வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி கூட்டம் நடந்தது. இருநூற்று ஒன்பது பேரும் வந்திருந்தோம். பேசி முடித்துவிட்டு, மாற்றுக் கருத்து உண்டா என்று முறைப்படி மூன்று தடவை கேட்டேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அப்படி ஓர் ஒற்றுமையை எங்கள் சங்கத்தில் நான் அதற்கு முன்பு பார்த்ததே இல்லை.