போய்ட்டு வரேன்னு சொல்லுங்க

மத்தியானம் பன்னிரண்டரை மணி. ஏரிக்கரை மேலே ஒரே ஒரு மண் சாலை... ஆள் இல்லை, மாடு இல்லை, காக்கைகூட இல்லை. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? இப்போது இருட்டில் இருப்பது நாம்தான். இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள்.

நம்ம முனுசாமியின் அக்கா வீட்டுக்காரர் தணிகாசலத்துக்கு நடந்தது இது. எழுபத்தொன்றாம் வருஷம், சித்திரை. கும்மிடிப்பூண்டியில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் அவரையே டாக்டர் என்றது. அதை மட்டும் அவர் திருத்தியதில்லை. மற்றபடி யார் எதைப் பேசினாலும் திருத்துவார். அந்தப் பழக்கம்தான்... சொல்கிறேன்.

சைக்கிளில் தோல் பை தொங்கியது. உள்ளே குளுக்கோஸ் பாட்டில் ஊசிப் பெட்டியில் இடித்து, கிணிங்... கிணிங்... ஆதிநாராயணனுக்குப் போகிற இருபத்திரண்டாவது பாட்டில்.

ஆதிநாராயணனுக்கு எண்பது வயது, நாற்பது காணி நெல் வயல். சோறு இறங்கி மாதம் ஒன்றாகிறது. முதல் பாட்டிலிலிருந்தே அவர் கேட்டது ஒன்றுதான்.

"ஊசிய எட்த்துடு நைனா. போதும். என் உசுரு, நான் எட்த்துக்கினு போறேன்."

இனிச் செய்ய ஒன்றுமில்லை, நிம்மதியாக விடுங்கள் என்று பெரிய டாக்டரே சொல்லிவிட்டார். மகன் தேசப்பன்தான் விடவில்லை. அப்பா பெயரில் அரிசி மில் கட்டியிருந்தான். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மந்திரி வந்து திறக்கிறார். நடுவில் சாவு விழுந்தால் தீட்டு. மந்திரி வரமாட்டார்.

"நாலு மணி வரிக்கும் தாங்கட்டும் டாக்டரே. அப்பாலே அவரு இஷ்டம்."

மில் போர்டில் அப்பா பெயருக்குப் பக்கத்தில் 'நினைவு' என்ற சொல்லுக்கு மட்டும் அளந்து இடம் விட்டிருந்தான் பெயிண்டர். தேசப்பனின் யோசனை.

அன்றுதான் வெள்ளிக்கிழமை.

ஏரித் தண்ணீர் வழிந்தோடும் கலங்கல் அருகே எதிரே ஒரு ஆள் வந்தார். இடுப்பில் வேட்டி, வெறும் உடம்பு, இடது கையில் வெள்ளைப் பிளாஸ்திரி... ஆதிநாராயணன். ஸ்பிரிட் வாசனை குப்பென்று அடித்தது. பை மூடித்தான் இருந்தது.

தணிகாசலத்துக்கு முதலில் வந்தது பயம் இல்லை, பெருமை. தன் வைத்தியம் அல்லவா?

"இன்னா பெரியவரே, எழுந்து நடக்க ஆரம்பிச்சிட்டீங்க?"

கிழவர் நிற்கவில்லை.

"போறேன் நைனா."

"சேச்சே, அப்டி சொல்லக்கூடாது. போய்ட்டு வரேன்னு சொல்லுங்க."

கிழவர் நின்றார். திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை... வண்டியில் ஏறப்போனவரைக் கையைப் பிடித்து இறக்கினால் வருமே, அந்த அலுப்பு. ரொம்ப நேரம் பார்த்தார். மரியாதை தெரிந்த மனிதர்.

"சரி... போய்ட்டு வரேன்."

நாலு மிதி மிதித்துத் திரும்பிப் பார்த்தார் தணிகாசலம். கரை காலி.

வாசலிலேயே பிடித்துக்கொண்டான் தேசப்பன். கஞ்சி போட்ட சட்டை மொடமொடத்தது. காதோடு சொன்னான்.

"விடிகாலையே போய்ட்டாரு. பொம்பளைங்களுக்குக்கூட தெரியாது, மில்லுக்கு அனுப்பிட்டேன். மூச்சு விடாதீங்க. பாட்டில மாட்டுங்க. மந்திரி கையால பொன்னாட போத்தணும். அது வரிக்கும் அப்பா உயிரோட கீறாரு."

கட்டிலில் கிழவர். கை, மழையில் நனைந்த சாக்குபோல் சில்லென்றது. தணிகாசலம் பாட்டிலை மாட்டினார். பிணத்துக்கு ஏறாது. அவருக்குத் தெரியும். குழாயையே பார்த்தபடி நின்றார்...

சொட்.

சொட்... சொட்...

ஏறியது. கண் திறந்தது. உதடு மட்டும் அசைந்தது.

"வந்துட்டேன் நைனா."

நாலு மணி மந்திரி ஆறு மணிக்கு முதலில் வீட்டுக்கு வந்தார். அதுவரை தணிகாசலம் உட்காரவில்லை, நிற்கவும் முடியவில்லை. கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். கிழவரின் கண்ணும் கூடவே சுற்றியது. மந்திரி பொன்னாடை போர்த்தி, "ஐயா நூறாண்டு வாழணும்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். கிழவரின் கண்ணோரம் நீர் வழிந்தது.

"ஆனந்தக் கண்ணீரு," என்றான் தேசப்பன்.

கூட்டம் மில்லுக்கு நகர்ந்தது. வீடு காலி. தணிகாசலம் ஊசியை உருவினார். ஒரு துளி ரத்தம் வரவில்லை. காதருகே குனிந்தார்.

"தப்பு என்னுதுதான் பெரியவரே. போங்க. திரும்பி வராதீங்க."

"போறேன்."

இந்த முறை தணிகாசலம் திருத்தவில்லை. கிழவரின் கண்ணை மூடிவிட்டு, பொன்னாடையை முகம்வரை இழுத்துவிட்டார். பையை எடுத்துக்கொண்டு வாசற்படி தாண்டினார்.

சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டும். குழந்தைக்கும் தெரியும். ஆனால் நாற்பது வருஷத்து நாக்கு...

"போய்ட்டு வரேன்," என்றது.

மில் பக்கம் ஒலிபெருக்கி ஒரு நிமிஷம் ஓய்ந்தது. உள்ளே, பொன்னாடைக்கு அடியிலிருந்து...

"வா நைனா."