இறக்கத்தில் சாவியைத் திருப்பாதீர்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் ஓட்டுநர்-மெக்கானிக் சங்கத் தலைவர் ஆரோக்கியதாஸ் அய்யா அவர்களே! எஸ்டேட் முதலாளி இராமலிங்கம் அய்யா அவர்களே! முன்வரிசையில் முக்காடிட்டு அமர்ந்திருக்கும், உபகாரம் மாமாவின் மனைவி தெரசம்மாள் அத்தை அவர்களே! வண்டிகளை ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு, மப்ளரைக் கூடக் கழற்றாமல் வந்து நெருக்கி நிற்கும் ஓட்டுநர் பெருமக்களே! மாமாவின் நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் எல்லோரையும் கனத்த நெஞ்சோடு வணங்குகிறேன்.

நான் கித்தேரியம்மாள், ஓட்டுநர் பரமானந்தத்தின் மகள். பெரியவர்கள் பேச வேண்டிய இடத்தில் என்னை ஏன் நிறுத்தினார்கள்? எங்கள் மலையின் தலைசிறந்த மெக்கானிக் உபகாரம் மாமா, முதலாளியின் காருக்கு டர்போ பொருத்திய நாட்களில், பெட்டியோடு வந்த ஆங்கிலக் குறிப்பை வாசித்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிடுவார். அந்த வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்பதால் பேசச் சொன்னார்கள்.

அந்தக் காரை அறியாதவர் உண்டா? இரண்டே கதவு, மூக்கு நீண்ட வெளிநாட்டுக் கார். மதுரைச் சாலையில் அம்பு. ஆனால் நம் மலையில்? பெருமாள்மலை ஏற்றத்தில் அது திணறி நின்றபோது, மன்னவனூர்ப் பூண்டு லாரி அதை முந்திக்கொண்டு போனது. லாரிக்கார வேலுச்சாமி அண்ணன் தலையை வெளியே நீட்டிக் கேட்டாராம்: "என்னங்க மொதலாளி, வண்டிக்கு எளைப்பா? ரெண்டு பல்லு பூண்டு தரட்டா?"

அன்றைக்குச் சிரித்தோம். அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் தொடங்கியது.

முதலாளி அய்யா காரை மாமாவின் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். மாமா குறை சொல்லவில்லை. "வண்டி மேல குத்தமில்லங்க. இங்க காத்து மெலிசு. கீழருந்து வர்ற மனுசனுக்கே மூச்சு வாங்குது, அதுக்கு வாங்காதா?" என்றார். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் ஊட்டும் டர்போ ஒன்று பம்பாயிலிருந்து வந்து சேர்ந்தது. "மே மாசத்துக்குள்ள இது பறக்கணும் உபகாரம்" என்றீர்கள் அய்யா. நினைவிருக்கிறதா? மாமா கையைத் துடைத்துக்கொண்டே சொன்ன பதிலும் நினைவிருக்கிறதா? "பறக்க வச்சிரலாங்க. எறக்குறதுதான் சோலி."

என்ன பொறுமை! என்ன உழைப்பு! புகைக்குழாயை வெட்டி, வளைத்து, பற்றவைத்தார். பொருந்தவில்லை என்றால் மறுபடி வெட்டினார். "எஞ்சின் வெளிய விடுற மூச்சே ஒரு காத்தாடியச் சுத்துதும்மா. அந்தக் காத்தாடி உள்ள காத்தத் தள்ளுது" என்று எனக்கு விளக்கினார். ஒருநாள் சாவியைத் திருப்பி ஆக்சிலேட்டரை மிதித்தார். எஞ்சின் உறுமலுக்கு மேலே மெல்லிய விசில் ஒன்று எழுந்தது. ஷெட்டில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். தெரசம்மாள் அத்தை மட்டும் தேநீர்த் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டார். "அந்தச் சத்தம் எனக்குப் புடிக்கலங்க. யாரையோ கூப்புடுற மாதிரி இருக்கு" என்றார். "ஒன்னியத்தான் கூப்புடுது, டீயக் கொண்டா" என்று மாமா சிரித்தார்.

நண்பர்களே, மாமா எதையும் மறைத்து வைக்கவில்லை. முதலாளியின் ஓட்டுநர் மணியன் அண்ணனை அழைத்து, நான் கேட்கவே சொன்னார்: "ஏலே மணியா, இது ஒன் பழைய அம்பாசிடர் இல்ல. இதோட பிரேக்கு எஞ்சின் இழுக்குற இழுப்புலதான் லேசாப் புடிக்குது. எஞ்சின அணைச்சா ஒண்ணு ரெண்டு மிதி கேக்கும், அப்புறம் மிதி கல்லாயிரும், புடிக்காது. டர்போவும் சூட்டோட நின்னா கெட்டுப்போகும். எறக்கத்துல அணைக்காதல." எஞ்சின் அணைந்தாலும் பிரேக் பிடிக்கத் தனியாக ஓர் ஏற்பாடு செய்ய முதலாளி வீட்டில் அனுமதியும் கேட்டார். அதைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார்கள்.

சென்ற மாதம் வெள்ளோட்டம். பெருமாள்மலை ஏற்றத்தில் கார் விசிலடித்தபடி பறந்தது. வேலுச்சாமி அண்ணனே லாரியை ஒதுக்கி வழிவிட்டுக் கும்பிடு போட்டார். ஆனால் கார் பெட்ரோலைக் குடித்தது. அதற்காக மணியன் அண்ணன் திட்டு வாங்கினார். மறுநாள் மாமாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மலையிறங்கினார். பனிமூட்டம். வெள்ளி அருவியைத் தாண்டியதும் இறக்கம். அங்கே நம் ஓட்டுநர்கள் என்ன செய்வார்கள்? சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டு உருள விடுவார்கள். பெட்ரோல் மிச்சம்! "மேல அணைச்சா வத்தலக்குண்டுலதான் போடுவேன்" என்று பெருமையடிக்காதவர் இங்கே யார்? மணியன் அண்ணனின் கையும் தானாகத் திருப்பியது.

மாமா கவனித்துத் தடுப்பதற்குள், இரண்டாவது வளைவில் பிரேக் கல்லானது. ஸ்டியரிங்கும் இறுகியது. வலப்பக்கம் பள்ளம். மாமா எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். இடப்பக்கப் பாறையில், தான் உட்கார்ந்திருந்த பக்கமே மோதும்படி இழுத்தார்! மணியன் அண்ணன் நெற்றிக் காயத்தோடு பிழைத்து, இதோ தூணுக்குப் பின்னால் நிற்கிறார். அவரைப் பழிக்காதீர்கள். அந்தக் கை நம் எல்லோருடைய கை.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? மாமாவை அடக்கம் செய்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பினோமே, அந்தச் சரிவில் எத்தனை வண்டிகள் எஞ்சினோடு இறங்கின? நான் காது கொடுத்துக் கேட்டேன். பனிக்குள்ளிருந்து ஒன்றன்பின் ஒன்றாக, டயர் ஓசை மட்டும் வந்தது. எங்கள் வண்டியும் அதில் ஒன்று.

இன்று காலை அந்த விசிலை மறுபடியும் கேட்டேன். தகரம் நிமிர்த்தி, புதுப் பெயிண்டு பூசி, கார் மலைக்குத் திரும்பியிருக்கிறது. டர்போவும் அப்படியே இருக்கிறது. பிரேக்குக்கான ஏற்பாடு மட்டும் இன்னும் இல்லை. வரும் ஞாயிறன்று அதை மலையிறக்க ஓர் ஓட்டுநர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் என் அப்பா. அம்மா தடுத்தபோது, "எத்தன வருசமா எறக்குறேன், எனக்கா தெரியாது?" என்றார். மணியன் அண்ணனும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

முதலாளி அய்யா, உங்களைப் பணிந்து கேட்கிறேன். மாமா கேட்ட அந்தப் பிரேக் வேலை முடியும்வரை கார் ஷெட்டிலேயே நிற்கட்டும். ஏற்றும் வேலையை உபகாரம் மாமா முடித்துவிட்டுப் போனார். இறக்கும் வேலை மிச்சம் இருக்கிறது. அதை நாம்தான் முடிக்க வேண்டும்.

அவருக்கு மாலையும் மௌனமும் போதுமா? போதாது! ஓட்டுநர் பெருமக்களே, அவரவர் சாவியை வெளியே எடுங்கள். "இனி எந்த இறக்கத்திலும் எஞ்சினை அணைக்க மாட்டேன்" என்று அவர் படத்தின் முன் சொல்லி, சாவியை உயர்த்திக் காட்டுங்கள்.

நன்றி, வேலுச்சாமி அண்ணா. நன்றி, மணியன் அண்ணா. அதோ, பின்வரிசையிலும் சாவிகள் உயர்கின்றன.

அப்பா, உங்கள் கை இன்னும் சட்டைப்பைக்குள்ளேயே இருக்கிறது. நான் இங்கேயே நிற்கிறேன்.