சென்னாக்குன்னிப் பொடி

எங்கள் பதினொன்றாம் வகுப்பு ‘சி’ பிரிவில் ஒரு பீரியட் முழுக்கச் சிரிக்காமல் உட்காருவது லேசான காரியம் இல்லை, மேடம். எண்ணூர் ஆலைப் பக்கக் காற்றில் கேஸ் நாற்றம் வந்தாலே போதும், முப்பத்தெட்டுப் பெண்களும் ஒருத்தியை ஒருத்தி கைகாட்டி மேசையைத் தட்டுவோம். கெமிஸ்ட்ரி மிஸ்ஸும் சாக்பீஸைப் போட்டுவிட்டுச் சிரித்துவிடுவார்.

பத்தாவதிலும் நாங்கள் ஒரே வகுப்புதான்; போன ஜூன் வரை அந்தச் சிரிப்புக்கெல்லாம் நான்தான் காரணம். மீன் ஏலம் விடுகிற குரலில் நான் அட்டெண்டன்ஸ் எடுத்தால் கீர்த்திக்கு விக்கலே வந்துவிடும். ஜூனில் சுஜா வந்து சேர்ந்தாள். நாகர்கோவில் பக்கம். அவள் அப்பா தேரடியில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். முதல் நாளே என்னிடம், “ஏட்டி, கொஞ்சம் நீங்கி இரி, கேட்டியா?” என்றாள்.

“இன்னா பாஷைடி இது?” என்று கேட்டுச் சிரித்தேன்.

“ஒனக்க சிரிப்பு மட்டும் என்னவாம்? ஆலைச் சங்கு ஊதுன மாதிரில்லா கெடக்கு.”

அன்றிலிருந்து என் பெயர் ஆலைச் சங்கு. நான் வாயைத் திறந்து சிரித்தால், “ஷிப்ட் முடிஞ்சிபோச்சுடி, வூட்டுக்குப் போலாம்” என்று சங்கமித்ரா பையைத் தூக்குவாள். நல்ல கிண்டல்தான். எல்லோரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கப் பழகினேன். எனக்குக் கோபம் வரவே இல்லை, எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் போலீஸ் உடுப்புப் போடாமல் வந்திருப்பது பேசச் சுலபமாக இருக்கிறது.

சுஜா யாரைப் போலவும் நடித்துக்காட்டுவாள். என் ஏலக் குரலைக்கூட. என்னுடையதைவிட அது நன்றாக இருந்ததாம். கீர்த்தியே சொன்னாள்.

அவளைக் கிண்டல் செய்ய எங்களுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. மீன் சாப்பிடுவாள், இறாலைத் தொடமாட்டாள். “எறா துன்னாத ஒரு ஜென்மமா?” என்று என் டப்பாவைத் தூக்கிக்கொண்டு துரத்துவேன். பெஞ்சுக்குப் பெஞ்சு தாவி ஓடுவாள். வயிறு வலிக்கச் சிரித்த நாள்கள்.

அந்த வியாழக்கிழமை காலையில், அம்மாவின் கருவாட்டுக் கூடையிலிருந்து ஒரு பிடி சென்னாக்குன்னி எடுத்தேன். காய்ந்த பொடி எறாதான் அது. வெறும் வாணலியில் வறுத்து, மிக்ஸியில் மாவாக அரைத்துப் பூண்டுத் தொக்கில் கலந்தேன். வாசனை தெரிகிறதா என்று இரண்டு முறை ருசி பார்த்தேன். எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

மத்தியானம் அவளிடம் நீட்டினேன்.

“நீலா, எறா ஒண்ணும் இல்லல்லா?”

“எங்கம்மா மேல சத்தியமா இல்லடி. வெறும் பூண்டு.”

மூன்று வாய் சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்று விரலை நக்கினாள்.

கொஞ்ச நேரத்தில் கழுத்தைச் சொறிந்தாள். உதடு தடித்தது. கண்ணை உருட்டிக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். முந்தைய வாரம்தான் கரையில் போட்ட மீன் எப்படித் துடிக்கும் என்று நடித்துக்காட்டியிருந்தாள். “மறுபடியும் மீனு பண்றாடி,” என்று கீர்த்தி கத்தினாள். வகுப்பே கைதட்டியது. சுஜா தன் பையை நோக்கிக் கை நீட்டினாள். நான் முந்திக்கொண்டு அதிலிருந்த பவுச்சை எடுத்துக் கடைசி பெஞ்சுக்கு வீசினேன். தினமும் யாருடைய பவுச்சையாவது வைத்து நாங்கள் ஆடுகிற கேட்ச்தான். அதில் மாத்திரை இருப்பது மற்றவர்களுக்குத் தெரியாது. பவுச் வகுப்பை நாலு சுற்றுச் சுற்றியது. “தாங்கட்டி” என்பது பாதிதான் வெளியே வந்தது. அப்படியொரு சிரிப்பை அந்த வகுப்பில் நான் கேட்டதே இல்லை. அன்று நானும் வாயைப் பொத்தாமல் சிரித்தேன்.

மிஸ் ஓடிவந்து அவளை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டதாம்.

மற்றவர்களைத் திட்டாதீர்கள், மேடம். அவர்களுக்கு அது விளையாட்டு. எறா பிடிக்காது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். உண்மை தெரிந்தால் பாவம் பார்ப்பார்களே என்று அவளுக்குக் கூச்சம். ஏழாம் வகுப்பில் ஒரே ஒரு எறா தின்றுவிட்டு மூச்சு நின்று மூன்று நாள் ஐசியுவில் கிடந்ததையும், இன்னொரு தடவை பட்டால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னதையும், பஸ் ஸ்டாப்பில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். என்னிடம் மட்டும்தான் சொன்னாள். அந்த அளவுக்கு நாங்கள் உயிர்த்தோழிகள்.